நோயாளி வீட்டார் அழுதால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. கோவிட் வார்டு செய்த வேலையா, இல்லை நானே மாறிவிட்டேனா?

இருபதாவது வளைவு கேட்டது:

வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ், இப்போது ஏற்காட்டில் வேலை. 2021 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கோவிட் வார்டில் இருந்தேன். பெயர் வேண்டாம். கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு பாட்டியை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், "அம்மா நடந்துதான் வண்டி ஏறுச்சு சிஸ்டர், நடந்துதான் ஏறுச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது என்ன என்றால், இவள் கையை விட்டால்தான் பதிவேட்டில் நேரம் எழுத முடியும் என்பதுதான். வேறு எதுவும் இல்லை. கண் கலங்கவில்லை, தொண்டை அடைக்கவில்லை. அவளைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், எழுதப் போய்விட்டேன். டூட்டி முடிந்து ரூமுக்கு வந்த பிறகுதான் என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது.

நான் இப்படி இருந்தவள் இல்லை. படிக்கும்போது முதல் முறை ஒரு நோயாளி இறந்ததைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள். சீனியர் அக்காக்கள், "இப்படி இருந்தா இந்த வேலை பார்க்க முடியாது" என்பார்கள்.

அந்த மே மாதம் எங்கள் இடத்தில் திரவ ஆக்சிஜன் தொட்டி கிடையாது, ஜம்போ சிலிண்டர்தான். ஒரு சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் ஏழரை மணி நேரம் ஓடும், ஹை ஃப்ளோவில் 60 லிட்டர் வைத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. இந்தக் கணக்கைத்தான் இரவெல்லாம் போட்டுக்கொண்டிருப்போம். கவச உடை போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லை, பாத்ரூம் இல்லை, மாதவிடாய் நாள் என்றால் அதைச் சொல்லவே வேண்டாம். முகக் கண்ணாடியில் ஆவி படிந்து நரம்பே தெரியாது, கையால் தடவித்தான் ஊசி போட்டோம். ஒருவர் என் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார், எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை உடையில் இருப்பதால் யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உடைமேல் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டு போனேன். மறுநாள் அந்தக் கட்டில் காலி.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. வேலையில் எதுவும் உறைக்காத எனக்கு வீட்டில் நேர்மாறாக இருக்கிறது. பையனுக்குச் சாதாரணச் சளிக் காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஆக்சிமீட்டர் மாட்டுகிறேன். 98 காட்டும். மறுபடியும் மாட்டுகிறேன். கை நடுங்குகிறது. மனசு மரத்துவிட்டது என்றால் வீட்டில் மட்டும் ஏன் இப்படி? அப்புறம், இப்படியே இந்த வேலையில் இருப்பது நோயாளிக்கு நான் செய்யும் துரோகமா? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

---

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

தங்கச்சி, முப்பது வருஷத்துக்கு மேல் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணைத் தரையிலிருந்து தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய், எழுதிவிட்டு "வேறு எதுவும் இல்லை" என்கிறாய். தண்ணீர் கொடுத்த கை உன்னுடையதுதானே? அதை ஏன் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்கிறாய்?

எங்கள் பாட்டி காலத்தில் வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால், பார்த்துக்கொள்கிறவளுக்கும் சேர்த்துத்தான் விதி இருந்தது. வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், அன்னியர் உள்ளே வர மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவள் சத்தம் போடக் கூடாது, கோபப்படக் கூடாது, அவளும் பத்தியம் இருக்க வேண்டும். அதே சமயம் அக்கம்பக்கத்தார் கூழும் இளநீரும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள், அவளுக்கு அந்த நாட்களில் வேறு வேலை கிடையாது. கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது என்று பொருள், அதற்கப்புறம் கோயிலுக்குப் போய்விட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்கள். மருத்துவமாக அது சரியா தப்பா என்று நான் இங்கே பேசவில்லை. அம்மை வந்த வீட்டுக்கு ஒரு முடிவு இருந்தது, அதை ஊரே சேர்ந்து செய்து கொடுத்தது, அதைத்தான் சொல்கிறேன்.

நமக்கு அந்த முடிவு வரவே இல்லை தங்கச்சி. 2020-இல் வாரக்கணக்கில் டூட்டி, அப்புறம் தனிமை, மறுபடி டூட்டி. 2021 மே மாதம் இரும்பாலை வளாகத்திலேயே 500 ஆக்சிஜன் படுக்கை போட வேண்டிய நிலைமை வந்தது, அப்போது எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போய் வேலை செய்தார்கள் என்பது உனக்கே தெரியும். ஜூலையில் கூட்டம் குறைந்தது. குறைந்ததும் என்ன செய்தார்கள்? பிரசவ வார்டில் ஆள் இல்லை, அங்கே போ என்றார்கள். போனோம். அந்த வருஷம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாகூடக் கூட்டமாக நடக்கவில்லை, சேலத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. யாரும் நம்மை உட்காரவைத்து, சரி, முடிந்தது, இறந்தவர்களைப் பற்றிச் சொல்லு என்று கேட்கவில்லை. பாதியில் மூடி வைத்த பாத்திரம் மாதிரி அது உள்ளே அப்படியே இருக்கிறது.

நான் ஒன்று செய்தேன். 2022 பொங்கலுக்கு அப்புறம் எங்களோடு அந்த வார்டில் இருந்த ஏழு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தட்டுவடை செட் வாங்கி வைத்துப் பேச ஆரம்பித்தோம், ராத்திரி ஒன்பதரை மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வார்டு பெருக்கும் அம்மா ஒருவரும் வந்திருந்தார். உடலைப் பையில் போட்டு மூடும்போது ஜிப்பைச் சத்தமில்லாமல் இழுப்பாராம், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கக் கூடாது என்று. அதுவரை நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. அன்றைக்குத்தான் எல்லாரும் அழுதோம். உன்னோடு அந்த வார்டில் இருந்தவர்கள் யாரோடாவது இன்னும் பேச்சு இருக்கிறதா?

---

மனநலம்_சேலம் எழுதியது:

சிஸ்டர், நான் மனநல மருத்துவர். நேரில் பார்க்காமல் நோய்ப் பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கேட்ட "வேலையில் மரத்துப்போகிறது, வீட்டில் நடுங்குகிறது, இது எப்படி" என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதை மட்டும் சொல்கிறேன்.

பிறர் துன்பத்தை உணர்வது என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980-இல் இதை அளக்க 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவாக்கினார், இன்றும் மருத்துவ மாணவர்களிடமும் செவிலியர்களிடமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கு பிரிவு. அவர் இடத்தில் இருந்து பார்ப்பது ஒன்று. அவர்மேல் அக்கறை வருவது ஒன்று. கதையில் வரும் பாத்திரத்தோடு ஒன்றிப்போவது ஒன்று. நான்காவதுதான் உங்களுக்கு வேண்டியது. அவர் துன்பத்தைப் பார்க்கும்போது நமக்குள்ளே ஏற்படும் தவிப்பு. இந்த நான்காவது கூடும்போதுதான் மன அழுத்தமும் களைப்பும் கூடுகிறது என்று பொதுவாகக் காண்கிறோம், முதலாவது அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை, பல பேருக்கு அது துணையாகவே இருக்கிறது. படிக்கும்போது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் நல்ல மனசுக்கு அடையாளமாக வைத்திருக்கிறீர்கள். என் பார்வையில் அது பெரும்பாலும் அந்தத் தவிப்பு. தவிப்பு அதிகமாக உள்ளவர்கள்தான் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் ஃபியூஸ் போன மாதிரி அணைந்துபோகிறார்கள். கல்நெஞ்சக்காரருக்கு இது வருவதில்லை.

தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற மூளை ஆய்வாளர்களும் மற்றவர்களும் செய்த ஒரு ஆய்வு 2014-இல் வெளியானது. துன்பப்படும் மனிதர்களின் வீடியோக்களைக் காட்டி, அந்த வலியைத் தானும் அப்படியே உணரும்படி சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குச் சோர்வான உணர்ச்சிகள் கூடின. அதே ஆட்களுக்கு அப்புறம் வேறு பயிற்சி, இவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும் பயிற்சி. அந்தச் சோர்வு இறங்கியது, மூளை ஸ்கேனிலும் வேறு பகுதிகள் வேலை செய்தன. சேர்ந்து வலிப்பதும் இரங்குவதும் வேறு வேறு என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரக்கம் என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது, அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

வேலைக் களைப்பைப் பற்றி கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் சொன்ன மூன்று கூறுகளும் உங்கள் பதிவில் தெரிகின்றன: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் வேலையாகத் தெரிவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. பதிவேட்டைப் பற்றி நினைத்தது இரண்டாவது. துரோகமா என்று கேட்டது மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதாவது காரணத்தை உங்கள் குணத்தில் தேட வேண்டாம்.

வீட்டு நடுக்கம் வேறு வகை. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மானிட்டர் அலாரம் மாதிரிச் சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறீர்களா, அந்த வார்டு கனவில் வருகிறதா, அந்த மருத்துவமனை இருக்கும் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறீர்களா? இவை இருந்தால் நாலு வருஷம் ஆனாலும் அது தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள், சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் விடியும் வரைகூடக் காத்திருக்காமல் அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

---

108_வாழப்பாடி எழுதியது:

டாக்டர் சார் சொன்னது எல்லாம் சரி, எனக்கும் பல விஷயம் இப்போதுதான் புரிந்தது. ஆனால் ஒன்று விட்டுப்போகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். 2021 மே மாதம் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு படுக்கை காலியாகக் காத்திருப்போம், வண்டியில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வரும், அதே நேரம் அடுத்த அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் வண்டியில் இருந்தவர் என்னிடம், "தம்பி, என்னை விட்டுட்டு அவங்களைப் போய்ப் பாருங்க" என்றார். இன்றைக்கும் அது காதில் இருக்கிறது. அன்று எனக்கு இரக்கத்துக்குக் குறைவே இல்லை, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும், செய்ய வண்டி இல்லை, படுக்கை இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற மருத்துவர் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள், மனசாட்சிக் காயம் என்று தமிழில் சொல்லலாம். மேலே இருப்பவர்களே சரியானதைக் கைவிடும்போது வரும் காயம் என்பது அவர் சொன்னது, சரி என்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் நிற்கும்போது வருவதையும் இப்போது அப்படியே சொல்கிறார்கள். அந்தப் பயிற்சியே எங்களுக்குக் கொடுத்த தீர்வு மூச்சுப்பயிற்சிதான். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நான் இன்றும் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு அறையில் இருந்த எல்லாரும் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் அங்கே வந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதைவிடப் பலன் இருந்திருக்கும்.

கோவிட்டுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்று சொன்னது நினைவிருக்கிறதா? அந்த நேரத்தில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். கைதட்டியபோது தெய்வம் என்றார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யக்கூட விடாமல் கல்லெறிந்தார்கள், அதற்கப்புறம் சில நாளில்தான் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து வருஷம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழு வருஷம் வரை என்று அவசரச் சட்டம் வந்தது. தெய்வம் என்றவர்களும் கல்லெறிந்தவர்களும் ஒரே மாதத்துக்குள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒரு நர்ஸ் நாலு வருஷம் கழித்து "நான் துரோகியா" என்று கேட்கிறார் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது, உங்கள்மேல் இல்லை அக்கா.

உங்களிடம் ஒரு கேள்வி. இப்போது நைட் டூட்டி மாதம் எத்தனை? மலையில் நீங்கள் ஒரு ஆள்தானா?

---

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பதில் சொல்லலாமா என்று யோசித்து இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

2021 மே மாதம் அப்பாவைச் சேர்த்தோம். உள்ளே விடவில்லை. தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு சிஸ்டர் போன் செய்வார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. "இன்னைக்கு ஆக்சிஜன் 86 இருக்கு. குப்புறப் படுக்க வெச்சிருக்கோம். அரை இட்லி சாப்பிட்டார். உங்க தங்கச்சி பரீட்சை எப்படி எழுதினான்னு கேட்டார்." இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது. குரலில் அழுகை இல்லை, ஆறுதல் வார்த்தை இல்லை. ஐந்தாவது நாள் நான் அவரிடம் கத்தினேன். ரெம்டெசிவிருக்காக வெயிலில் வரிசையில் நின்று கிடைக்காமல் திரும்பி வந்திருந்தேன், அந்த ஊசி உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணமாகவில்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் எதுவும் செய்வதில்லை, சும்மா நம்பர் சொல்கிறீர்கள் என்று கேட்கக் கூடாத வார்த்தை கேட்டேன். அவர் நான் முடிக்கும்வரை இருந்தார். அப்புறம், "சரிங்க. நாளைக்கும் எட்டரைக்குக் கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார்.

ஒன்பதாவது நாள் அப்பா போய்விட்டார். முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எங்களிடம் இருப்பது அந்த எட்டு போன் பேச்சுதான். அரை இட்லி சாப்பிட்டார் என்பதை அம்மா இன்றும் வருகிறவர்களிடம் சொல்லுவாள், பட்டினியாகப் போகவில்லை என்று. அந்தச் சிஸ்டர் எங்களுக்காக அழுதாரா இல்லையா என்று ஒருநாளும் எங்களுக்குத் தோன்றியதில்லை. அவருக்கும் உங்களை மாதிரி உள்ளே ஒன்றும் இல்லாமல்கூட இருந்திருக்கலாம். எங்களுக்கு வந்து சேர வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போய் விசாரித்தேன், ஒப்பந்தத்தில் வந்தவர், போய்விட்டார் என்றார்கள். அவர் இதைப் படித்தால் தெரியட்டும்.

---

இருபதாவது வளைவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் எழுதியதை ரூமில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். அந்தச் சிஸ்டர் நான் இல்லை, நானும் அப்படிப் போன் செய்திருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். எங்களுக்கு அதில் கோபம் இல்லை அண்ணா. கத்துகிறவர்கள் பரவாயில்லை, போனை எடுத்ததும் பேசாமல் இருப்பவர்கள்தான் கஷ்டம்.

தம்பிக்கு: மாதம் எட்டு நைட், அதில் பல நாள் நான் ஒருத்திதான். பிள்ளை கீழே அம்மா வீட்டில், வாரம் ஒருமுறை இறங்குகிறேன்.

அக்காவுக்கு: அந்த வார்டில் இருந்தவர்களில் ஒருத்தி ஓமான் போய்விட்டாள், ஒருத்தி வேலையையே விட்டுவிட்டுத் துணிக்கடையில் இருக்கிறாள். துணிக்கடைக்காரியோடு நேற்று பேசினேன். அவளும் ஆக்சிமீட்டரைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறாளாம். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கொருவர் இதைக் கேட்டதே இல்லை. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர், நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு இருக்கிறது. கனவு இல்லை. சத்தம் இருக்கிறது, குக்கர் விசில் இல்லை, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அந்த பீப் பீப். அந்தத் தெருவுக்கு நான்கு வருஷமாகப் போகவில்லை, ஐந்து ரோட்டுக்கு வேறு வழியாகத்தான் போகிறேன், அது தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்கு மாத்திரை போட்டால் நைட் டூட்டியில் தூக்கம் வருமா? அதுதான் என் பயம், நான் ஒருத்தி என்பதால்.

அந்தப் பாட்டியின் மகளுக்கு இன்று போன் செய்தேன், நம்பர் பதிவேட்டில் இருந்தது. அம்மாவுக்கு வண்டியில் வலித்திருக்குமா என்று மட்டும் கேட்டாள். மயக்கம் வந்த பிறகு வலி தெரிந்திருக்காது என்று, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்புறம் கால் மணி நேரம் அவள் அம்மாவின் காப்பித் தோட்ட வேலையைப் பற்றியே பேசினாள். எனக்கு அழுகை வரவில்லை. போனை வைக்கவும் தோன்றவில்லை.

---

மனநலம்_சேலம் எழுதியது:

எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சு வழிச் சிகிச்சையே இதற்கு முதன்மையானது. தேவைப்பட்டாலும் டூட்டியில் தூக்கக் கலக்கம் தராத வகையில் பார்த்துக் கொடுக்கலாம், நைட் டூட்டி இருக்கிறது, தனியாக இருக்கிறேன் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை கீழே இறங்குகிறேன் என்றீர்களே, அது எந்தக் கிழமை?